நவம்பர் 31ஆம் தேதி விசாரணை

லிடியானா அருடா கல்லூரி மாணவியான செய்தி அவளுக்குத் தெரியும் முன்பே அமெரிக்கக் கடலோர ஊரான பென்னிக்விட்டின் மீன்கடைக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய அம்மா ஒடீலியா பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை முதல் வரி மட்டும் படித்தாள். உடனே கோட்டை மாட்டிக்கொண்டு, வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும், கடைக்குப் புறப்பட்டாள்.

"என் பொண்ணு காலேஜ்ல சேர்ந்துட்டா."

"பதினேழு வயசுலயா?" என்றாள் கடைக்காரி.

"நான் என்ன பண்றது? அறிவு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது."

அந்த நேரத்தில் அந்த அறிவு தொழிற்கல்விப் பள்ளியின் பட்டறையில், ஒரு சிங்குக்கு அடியில் மல்லாந்து கிடந்தது. வெளியே தெரிந்தவை இரண்டு பூட்ஸ்கள் மட்டுமே.

விஷயம் இதுதான். அந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் பட்டறை, மறு வாரம் புத்தகம். ஒரு வாரம் குழாய் பூட்டுவார்கள், அடுத்த வாரம் உள்நாட்டுப் போர் படிப்பார்கள். இப்படியே நான்கு வருடம். கடைசி வருடத்தில் விருப்பப்பட்டவர்கள் பக்கத்திலிருக்கும் சமுதாயக் கல்லூரிக்கு, செவ்வாயும் வியாழனும் மாலை போய், முதலாண்டு எழுத்துப் பாடத்தைப் படிக்கலாம். தேறினால் பட்டப்படிப்புக் கணக்கில் மூன்று கிரெடிட். பின்னால் எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் அந்த மூன்றும் கூடவே வரும். கிரெடிட் என்றால் என்னவென்று ஒடீலியாவுக்குத் தெரியாது. மூன்று என்றால் தெரியும்.

செவிலியர் பிரிவிலிருந்து பெண்கள் போனார்கள். கம்ப்யூட்டர் பிரிவிலிருந்தும் போனார்கள். பிளம்பிங் பிரிவிலிருந்து ஒருவரும் போனதில்லை. போகக் கூடாதென்று விதி ஏதும் இல்லை. போவார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். லிடியானா போய்க் கேட்டபோது ஆலோசகர் அம்மாள் அவளுடைய பூட்ஸைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார், "முயற்சி பண்ணிப் பாரேன், தப்பில்ல" என்றார். சாப்பிடாது என்று தெரிந்தே குழந்தைக்கு முட்டைக்கோஸ் நீட்டுகிற குரல் அது. லிடியானாவுக்கு அந்தக் குரல் மறக்கவில்லை. கட்டட நிர்வாகம் படித்து, சொந்தமாக ஒரு பிளம்பிங் நிறுவனம் தொடங்குவது அவள் திட்டம். அந்தப் படிப்பின் வாசலில் இந்த எழுத்துப் பாடம் உட்கார்ந்திருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த மூன்று கிரெடிட்டையும் வாங்கி அந்த முட்டைக்கோஸ் குரலுக்கு முன்னால் வைக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய முதல் ஆசை.

இனி பட்டறையின் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் அவள் செய்த குற்றத்தின் ஆழம் விளங்காது.

பட்டறையில் எல்லோரும் ஜோடி ஜோடியாக வேலை செய்வார்கள். ஒருவர் பூட்டுவார், ஜோடி சரிபார்ப்பார். பார்ப்பவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். ஸ்பானரைத் தொடக் கூடாது. "இங்க ஒழுகுது" என்று சொல்லலாம், எப்படி நிறுத்துவது என்று சொல்லக் கூடாது. பூட்டியவரே மறுபடி பூட்ட வேண்டும். ஒழுகல் நின்ற பிறகு, பார்த்தவர் குழாயின்மேல் மார்க்கரால் தன் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் போடுவார். அது இல்லாமல் சுவரை மூடக் கூடாது.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு மாணவன் ஜோடியின் வேலையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுத்தைப் போட்டுவிட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் அழகுக்கலைப் பிரிவு. பங்குக் கோயில் பெண்மணிகள் பன்னிரண்டு பேர் தலையில் சுருள்களோடு உலர்த்திக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் வந்தது. முடி காய உட்கார்ந்தவர்களின் முழங்கால்வரை வந்தது. பட்டறை ஆசிரியர் பொட்டேலோ துடைப்பத்தை எடுத்து வந்து, பூட்டியவனைத் தாண்டிப் போய், கையெழுத்துப் போட்டவன் கையில் கொடுத்தார்.

"சார், பூட்டுனது அவன்தானே?"

"பூட்டுனவன் தப்புப் பண்ணான். மனுஷன், பண்ணுவான். நீ பாத்தேன்னு பொய் சொன்ன. துடை."

அன்றிலிருந்து அந்தப் பட்டறையில் முதலெழுத்து போடுவதென்பது ஏறக்குறைய திருமண ஒப்பந்தம் மாதிரி.

லிடியானாவின் ஜோடி டாவியோ லொம்பா. கேப் வெர்ட் தீவுகளிலிருந்து வந்த குடும்பத்துப் பையன், அவளைவிட ஒரு சாண் உயரம். கடந்த மூன்று ஆண்டுகளில் அவன் அவளிடம் நல்ல வார்த்தை பேசியதாக எந்தச் சான்றும் இல்லை. கல்லூரிக்கு அவன் போகவில்லை. "நான் போனா அங்க கதவுக்குத் தலை இடிக்கும்" என்றான்.

கல்லூரியில் முதல் நாளே லிடியானாவைப் பார்த்து ஒரு மாணவன், "பெண்கள் பாத்ரூம் இடப்பக்கம், ரெண்டாவது குழாய்தான் சொட்டுது" என்று வழிகாட்டினான். அது பட்டறை வாரம். பெயர் தைத்த நீலச் சட்டையோடு நேராக வந்திருந்தாள். "நான் படிக்க வந்தேன்" என்றாள். அவன் நம்பின மாதிரி தலையாட்டினான்.

வகுப்பில் அறையைச் சூடாக்கும் ஒரு ரேடியேட்டர் இருந்தது. யாரோ உள்ளே மாட்டிக்கொண்டு உதவி கேட்கிற மாதிரி நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தது. இந்த ரேடியேட்டரை அவள் சரிசெய்து பேர் வாங்குவாள் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும். அதைத் தொட கல்லூரியில் தனி ஊழியர் சங்கம் இருக்கிறது. வேறு யாராவது தொட்டால் தட்டுகிற சத்தத்தைவிடப் பெரிய சத்தம் கேட்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குறிப்பெடுத்தாள்.

பாடம் நடத்தியவர் டாக்டர் ஹாஸ்கெல். இளம் வயதுப் பெண், அந்த வருடம்தான் வந்திருந்தார். விதிப் புத்தகத்தை முழுதும் படித்த ஒரே ஆசிரியர் அவர்தான் என்று பேச்சு. நவம்பர் தொடக்கத்தில் ஒரு கட்டுரை கொடுத்தார். உங்களுக்கு முக்கியமான ஓர் இடத்தைப் பற்றி எழுத வேண்டும். மற்றவர்கள் கடற்கரையையும் பாட்டி வீட்டையும் எழுதினார்கள். லிடியானா சமையலறை சிங்குக்கு அடியில் உள்ள இடத்தைப் பற்றி எழுதினாள். அங்கே படுத்தால் ஒரு குடும்பத்தின் ரகசியமெல்லாம் தெரியும், என்ன சாப்பிடுகிறார்கள், எதை மறைத்து ஊற்றுகிறார்கள், யார் மோதிரத்தைத் தொலைத்துவிட்டு வாயைத் திறக்கவில்லை என்றெல்லாம் எழுதினாள்.

எழுதி முடித்ததும் பழக்கப்படி கேண்டீனில் டாவியோ முன்னால் வைத்தாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படித்தான். பக்கத்தை அவள்தான் திருப்ப வேண்டியிருந்தது.

"மூணாவது பத்தி ஒழுகுது."

"எங்க?"

"உங்கப்பா பிடிவாதக்காரர்னு ரெண்டு தடவ சொல்ற. ஒரு தடவ சொன்னாலே தெரியுது. இன்னொண்ணு லூசா ஆடுது."

"எதை எடுக்கட்டும்?"

"அதை நான் சொல்ல மாட்டேன். கை பின்னாடி இருக்கு, பாரு."

"கையில்லாம வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது உனக்கு."

"அஞ்சாவதும் சொட்டுது. கடைசி வரி இறுக்கமா இருக்கு. அதைத் தொடாத."

இரண்டு நாள் அவளே திருத்தினாள். மூன்றாம் நாள் அவன் படித்துவிட்டு, பேனாவை வாங்கி, கடைசிப் பக்கத்தின் அடியில், மூலையில், 'சரிபார்த்தது: டா.லொ., நவ. 9, ஒழுகல் இல்லை' என்று போட்டான். அவள் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள். அதை மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மறைத்திருந்தால்தான் அவள் கணக்கில் குற்றம்.

கட்டுரை மதிப்பெண் இல்லாமல் திரும்பி வந்தது. 'என்னை வந்து பார்க்கவும்' என்று மட்டும் இருந்தது.

"இந்த டா.லொ. யாரு?" என்றார் ஹாஸ்கெல்.

"என் ஜோடி, டாக்டர்."

"ஜோடின்னா?"

"நான் பூட்டுவேன், அவன் பாப்பான்."

ஹாஸ்கெல் கட்டுரையை மறுபடி திருப்பிப் பார்த்தார். "லிடியானா, கட்டுரை ரொம்ப நல்லா இருக்கு. அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. இன்னொருத்தர் உதவியோட எழுதினதுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. நான் மேலிடத்துக்கு அனுப்பியே ஆகணும். நிரூபணமானா இந்தப் பாடம் ரத்து."

"மூணு கிரெடிட்டுமா?"

"மூணும்."

விசாரணைக்கு அழைக்கும் கடிதம் நன்றியறிதல் திருநாளுக்கு முந்தின புதன்கிழமை வந்தது. இனி ஞாயிறுவரை பள்ளி, கல்லூரி, அஞ்சலகம் எல்லாமே வான்கோழிக்கு முன்னால் மண்டியிட்டிருக்கும், யாரையும் கேட்க முடியாது. மறுநாள் மேசையில் வான்கோழி, அதன் வயிற்றுக்குள் சோரிசு என்ற போர்த்துகீசியத் தொத்திறைச்சி, பக்கத்தில் காலே கீரை சூப். சுற்றி ஒன்பது உறவினர்கள். கடிதம் ஒடீலியாவின் ஏப்ரன் பைக்குள் இருந்தது. அவள் நடக்கும்போதெல்லாம் அது சரசரத்தது.

"காலேஜ் எப்படிப் போகுதுடி?" என்றாள் ஃபிலோமினா சித்தி. ஊரில் யார் வீட்டில் எது இடறினாலும் முதலில் கேள்விப்படும் உரிமை பெற்றவள்.

"ஆபீஸ்ல கூப்பிட்டுப் பேசப் போறாங்க அவளை," என்றாள் ஒடீலியா, பொய் சொல்லாமல். "மூணு பெரிய ஆளுங்க கையெழுத்துப் போட்டு லெட்டர் அனுப்பியிருக்காங்க."

"மூணு பேரா!"

"மூணு பேர்."

சித்தி போனபிறகுதான் கடிதம் வெளியே வந்தது. அப்பா அமாரு ஸ்கால்லப் சிப்பி பிடிக்கும் படகிலிருந்து இறங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. எந்தத் தாளையும் கடல்வரைபடம் மாதிரி கை நீட்டி எட்டப் பிடித்துப் படிப்பார்.

"கல்வி நேர்மைக் குழு முன்பாக, நவம்பர் முப்பத்தொண்ணாம் தேதி, மூணு மணிக்கு..." நிறுத்தினார். "நவம்பருக்கு முப்பத்தொண்ணு இருக்கா?"

ஒடீலியா குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த சவச்சடங்கு நிலையத்தின் காலண்டரைப் பார்த்தாள். அந்த நிலையம் தேதி விஷயத்தில் தவறு செய்ததில்லை. "முப்பதோட முடியுது."

"காலேஜ்ல ஒரு நாள் கூட இருக்குமோ என்னமோ," என்றார் அமாரு. "படிக்கிறவங்களுக்கு நேரம் பத்தாது."

லிடியானா சிரிக்கவில்லை. நவம்பர் முப்பதா, டிசம்பர் ஒன்றா? தவறான நாளில் போனால் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். வராதவள் குற்றவாளி என்று கடிதத்தின் இரண்டாம் பக்கம் தெளிவாகச் சொன்னது. டாவியோவுக்குப் போன் செய்து கடிதத்தைப் படித்துக்காட்டினாள்.

"இதை யாரு பாத்தா?" என்றான் அவன். அதுதான் அவனுடைய முதல் கேள்வி.

"மூணு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"நான் கேட்டது அது இல்ல."

திங்கள்கிழமை, நவம்பர் முப்பது, லிடியானா புத்தக வாரத்து உடையில் கல்லூரி அலுவலகத்தில் நின்றாள். எழுத்தர் மிசஸ் கிரிம்ஷா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "நாளைக்குத்தான் கண்ணு விசாரணை" என்றாள்.

"நாளைக்கு டிசம்பர் ஒண்ணு."

"ஆமா."

லிடியானா கடிதத்தை நீட்டினாள். மிசஸ் கிரிம்ஷா படித்தாள். விரல்விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். மாதம் நீளவில்லை.

"ஐயோ, நான்தான் டைப் பண்ணேன். திருநாள் அவசரத்துல... டீன் என்னை உயிரோட விட மாட்டார். நாளைக்கு நீ இதை எடுத்துச் சொல்லப் போறியா?"

"சொல்லணும்தான். ஆனா உங்களைப் பத்தி இல்ல."

மிசஸ் கிரிம்ஷாவுக்கு இது புரியவில்லை. இருந்தாலும் ஒரு மிட்டாய் கொடுத்தாள்.

மறுநாள் மூன்று மணிக்கு நீள மேசை, அதன் பின்னால் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட மூவர். நடுவில் டீன் தார்ன்லி. அவர் எதையும் ஒரு முறை சொல்லித் திருப்தியடைபவர் அல்ல. வலப்பக்கம் ஹாஸ்கெல். இடப்பக்கம் கணித ஆசிரியர் பிரின், முந்திரிப் பருப்புப் பொட்டலத்தோடு. மூலையில் நடவடிக்கைக் குறிப்பெடுக்க மிசஸ் கிரிம்ஷா, முகம் வெளிறி.

"இந்தக் கட்டுரை நீ எழுதினதா? உன்னால எழுதப்பட்டதா?" என்றார் டீன்.

"ஆமா சார்."

"அப்ப இந்த டா.லொ. என்ன எழுதினான்?"

"ரெண்டு எழுத்து, ஒரு தேதி, மூணு வார்த்தை. உங்க முன்னாடிதான் இருக்கு."

பிரினுக்கு முந்திரிப்பருப்பு புரையேறியது.

லிடியானா பட்டறைச் சட்டத்தைச் சொன்னாள். கையைப் பின்னால் கட்டுவது, ஒழுகும் இடத்தை மட்டும் சொல்வது, பூட்டியவரே திருத்துவது, எல்லாவற்றையும் சொன்னாள். டீன் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் பொறுமை முடிந்தது.

"அது குழாய். இது கல்லூரி. இங்க ஒரு கையெழுத்துக்கு அர்த்தம் இருக்கு. மதிப்பு இருக்கு. எவனோ ஒருத்தன் போட்டுட்டுப் போற விஷயமில்ல."

லிடியானா கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். மூன்று கிரெடிட்டும் அந்த மேசையில்தான் கிடந்தன.

"இதுல மூணு கையெழுத்து இருக்கு சார். எனக்கு நவம்பர் முப்பத்தொண்ணாம் தேதி விசாரணைன்னு போட்டிருக்கு. அது எப்ப வரும்னு தெரியல. அதனால நேத்தும் வந்தேன், இன்னிக்கும் வந்தேன். ரெண்டு பக்கமும் வந்து பாத்துட்டேன், நடுவுல அப்படி ஒரு நாளைக் காணோம்."

பிரின் கடிதத்தை இழுத்துப் பார்த்தார். மனசுக்குள் எண்ணினார். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதால் விரல் தேவைப்படவில்லை.

டீனின் கழுத்து சிவந்தது. "இது டைப் பண்ணவங்க தப்பு. மிசஸ் கிரிம்ஷா!"

"இல்ல சார்," என்றாள் லிடியானா. கேட்காமல் பேசியது அவளுக்கே திடுக்கென்றது. "டைப் பண்ணவங்க மனுஷங்க. தப்பு வரும். அதுக்குத்தான் கீழ கையெழுத்து. எங்க பட்டறையில தண்ணி ஒழுகினா, பூட்டுனவங்க கையில துடைப்பம் குடுக்க மாட்டாங்க. பாத்தேன்னு எழுத்துப் போட்டவங்கதான் துடைக்கணும். டாவியோ நிஜமாவே பாத்தான் சார். ரெண்டு நாள் என்னைத் திட்டித் திட்டிப் பாத்தான். அவன் எழுத்துப் போட்டதுக்கு எனக்கு விசாரணைன்னா, இதுக்கு..." முடிக்கவில்லை. முடித்தால் மரியாதைக் குறைவு என்று தோன்றியது.

டீன் தண்ணீர் குடித்தார். பிரின் பொட்டலத்துக்குள் எதையோ தேடினார். விதிப் புத்தகத்தை முழுதும் படித்த ஹாஸ்கெல்தான் முதலில் பேசினார்.

"நான் கடிதத்தைப் படிக்கல. டீன் ஏற்கெனவே போட்டிருந்தார், அதனால போட்டேன்."

"நானும் உங்களுது இருந்ததால போட்டேன்," என்றார் பிரின்.

"மிசஸ் கிரிம்ஷா எப்பவும் சரியாத்தான் பண்ணுவாங்க," என்றார் டீன், இப்போது ஒரே ஒரு முறை.

மிசஸ் கிரிம்ஷா இந்த மூன்று வாக்குமூலத்தையும் மிக நிதானமாக, ஓர் எழுத்தும் விடாமல், குறிப்பில் பதிவு செய்தாள்.

லிடியானாவை வெளியே உட்காரச் சொன்னார்கள். இருபத்தைந்து நிமிடம். அதில் பெரும்பகுதி, இல்லாத தேதிக்கு அழைத்த விசாரணை செல்லுமா என்ற வழக்கு வாதத்தில் போயிற்று என்று பின்னால் தெரிந்தது. தீர்ப்பு வந்தது. குற்றம் என்று சொல்ல முடியாது, குற்றமே இல்லை என்று சொல்ல டீனுக்கு மனம் வரவில்லை. ஆகவே ஒரு சோதனை. இன்னொரு கட்டுரை. ஹாஸ்கெல் எதிரில், தனியாக, இரண்டு மணி நேரத்தில். வேறு யாரும் சரிபார்க்கக் கூடாது. தேறினால் கிரெடிட் உண்டு. முதல் கட்டுரை கணக்கில் வராது.

"அதுதான் நல்லா இருந்துச்சு," என்றாள் லிடியானா.

"தெரியும்," என்றார் ஹாஸ்கெல்.

வியாழனன்று அவள் எழுதினாள். ரேடியேட்டர் தட்டிக்கொண்டே இருந்தது. தலைப்பு, நீங்கள் கண்ட ஒரு தவறு. துடைப்பத்தைப் பற்றியும் தலையில் சுருளோடு நாற்காலிமேல் ஏறி நின்ற பன்னிரண்டு பெண்மணிகளைப் பற்றியும் எழுதினாள். மூன்றாவது பத்தி முடிந்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. பழக்கத்தில் தலை நிமிர்ந்து எதிரே பார்த்தாள். எதிரே ஹாஸ்கெல், கையைக் கட்டிக்கொண்டு, வாயையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்த இடம் சொட்டுகிறது என்று தேடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

கட்டுரை திரும்பி வந்தபோது பி மைனஸ் என்றிருந்தது. சிங்குக்கு அடியில் எழுதியதற்கு ஏ கொடுக்க இருந்ததாக ஹாஸ்கெல் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அது லிடியானாவுக்குப் பல நாள் உறுத்தியது. ஓரத்தில் பச்சை மையில் ஒரே ஒரு குறிப்பு: 'மூன்றாவது பத்தி ஒழுகுகிறது.' எப்படித் திருத்துவது என்று எழுதவில்லை. அடியில் ஹாஸ்கெலின் முதலெழுத்துகளும் தேதியும்.

"இந்தம்மா கத்துக்கிறாங்க," என்றான் டாவியோ அதைப் பார்த்து. "ஆனா பி மைனஸ் உனக்கு ஜாஸ்தி."

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. ஆங்கில எழுத்து, முதலாண்டு, தேர்ச்சி, மூன்று கிரெடிட். ஆலோசகர் அம்மாளிடம் ஒரு நகலை லிடியானாவே கொண்டுபோய்க் கொடுத்தாள். பட்டறை வாரம்தான், பூட்ஸைக் கழற்றவில்லை. "அடுத்த வருஷம் பிளம்பிங்லேர்ந்து நாலு பேர் கேக்குறாங்க," என்று மட்டும் சொன்னாள். ஆலோசகர் நாற்காலியைக் காட்டி "உக்காரு" என்றார். குரலில் முட்டைக்கோஸ் வாசனை இல்லை.

அசல் கடிதத்தை ஒடீலியா சவச்சடங்கு நிலையத்துக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டும் முன், லிடியானா அதைப் பட்டறைக்குக் கொண்டுபோனாள். டாவியோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தான்.

"டிசம்பர் பதினாறு. இருக்கு, அப்படி ஒரு நாள். டீன் கையெழுத்து. ஹாஸ்கெல். முந்திரிப்பருப்பு." குனிந்தான். "ஏய், கீழ மூலையில பாரு."

மூன்று பெரிய கையெழுத்துகளுக்கும் அடியில், பேனாவால், சின்னதாக, ஆனால் அழுத்தமாக ஒரு வரி இருந்தது. சரிபார்த்தது: மி.கி. மிசஸ் கிரிம்ஷாவின் எழுத்து விழும்வரை அந்த அலுவலகத்திலிருந்து இப்போது ஒரு தபால்தலைகூட வெளியே போவதில்லையாம்.

டாவியோ மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றினான்.

"இதுல எழுதாதடா! அம்மா கொன்னுடுவாங்க."

"அப்ப எதுல போடுறது?"

லிடியானா யோசித்தாள். பிறகு அன்று காலை அவள் பூட்டி முடித்த குழாயைக் காட்டினாள். அவன் போய்க் குனிந்து, வெகுநேரம் பார்த்தான்.

"எல்போ வளைவுகிட்ட சொட்டுது," என்றான். "காலேஜ்காரி."

அவள் ஸ்பானரை எடுத்துக்கொண்டு மறுபடி சிங்குக்கு அடியில் போனாள்.